எஞ்சினும் பசுவும்



லாரிகளைப் பழுதுபார்ப்பதிலேயே என் வாழ்நாளின் பெரும்பகுதி கழிந்தது. ஓய்வு பெற்றபின் நாமக்கல்லுக்கு அருகே ஒரு சிறு தோட்டத்தில், பழைய ஆயில் எஞ்சினோடும் மாடுகளோடும் வாழ்ந்து வருகிறேன்.

1897-ஆம் ஆண்டில் ருடால்ப் டீசல் வெற்றியுடன் இயக்கிக் காட்டிய முறையே இந்த எஞ்சினுக்கும் உயிர். இதற்குத் தீப்பொறி வேண்டுவதில்லை. அழுத்தத்தால் சூடேறிய காற்றே எண்ணெயைப் பற்றவைக்கிறது. கரும்புகை வந்தால் காற்றுக் குறைவு. நீலப்புகை வந்தால் மசகெண்ணெய் எரிகிறது. தன் நோயை அது மறைப்பதில்லை.

பசு அவ்வாறன்று. ஒரு மாலை எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தேன். இளங்குதிரைமசாலை வயிறார மேய்ந்து வந்த மூத்த பசு, அசைபோடாமல் நின்றது. சத்தமில்லை, ஆகவே சுகமென்று எண்ணிவிட்டேன். இருட்டுவதற்குள் இடது வயிறு உப்பியது. மருத்துவர் வந்து சேருமுன் மாண்டது.

நலமுள்ள பசு நாளில் 7 அல்லது 8 மணி நேரம் அசைபோடும் என்பதையும், இடது இடுப்பெலும்புக்கு முன்னுள்ள பள்ளத்தில் கையை அழுத்தி வைத்தால் நிமிடத்துக்கு ஓரிரு முறை வயிறு அசைவதை உணரலாம் என்பதையும் பிறகே கற்றேன்.

எஞ்சின் நாளைவரை காத்திருக்கும், பசு காத்திராது. இப்பொழுதெல்லாம் மாலையில் முதலில் தொழுவத்துக்குப் போகிறேன்.