மூன்று நிறங்களுக்குள்

ஆண்களின் உடை நேர்த்தி என்றதும் என் நினைவுக்கு முதலில் வருபவர்கள் காங்கோ ஆற்றங்கரையில், பிராசவில் நகரின் பக்கோங்கோ பகுதியில் வாழும் ‘சாப்பர்’கள்.

வார நாட்களில் அவர்களில் ஒருவர் கரண்ட் வேலை பார்ப்பார், இன்னொருவர் டாக்சி ஓட்டுவார். ஞாயிறு வந்துவிட்டால் மடிப்புக் கலையாத சூட், பளபளக்கும் ஷூ, மார்புப் பையில் கைக்குட்டை, கையில் ஒரு தடி. தகரக் கூரைகளுக்கு நடுவே புழுதித் தெருவில் நிதானமாக நடந்து வருவார்கள். தெருவே வாசலுக்கு வந்து கைதட்டும்.

இந்த நடைக்குப் பின்னால் நெடிய வரலாறு உண்டு. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் வீட்டு வேலைக்குப் போன ஆப்பிரிக்கர்களுக்குத் துரைமார் தாங்கள் உடுத்திக் கழித்த துணிகளைக் கொடுத்தார்கள். அந்தப் பழசு வேண்டாமென்று, சொந்தச் சம்பளத்தில் பாரிஸ் உடை தருவித்தவர்கள் இந்த மரபின் முன்னோடிகள். எனக்கு அது பகட்டாகத் தோன்றவில்லை, தன்மானமாகவே தோன்றுகிறது. எதிர்க்கரையில் கின்ஷாசாவில், 1970-களில் அதிபர் மொபுட்டு கோட்டும் டையும் கூடாதென்று தடை போட்டார். பாடகர் பாப்பா வெம்பாவோ விதவிதமான உடைகளில் மேடையேறி இளைஞர்களை இந்த உடை மரபின் பக்கம் இழுத்தார். 2016-இல் அபிஜான் நகரில், மேடையில் பாடிக்கொண்டிருந்தபோதே சரிந்து விழுந்து இறந்தார்.

பிராசவில்காரர்களின் விதி ஒன்று என்னை மிகவும் கவர்கிறது. தலை முதல் கால் வரை மூன்று நிறங்களுக்கு மேல் கூடாது. டானியேல் டமாக்னி என்ற இத்தாலியப் புகைப்படக்காரர் 2009-இல் வெளியிட்ட நூலின் அட்டையில், இளஞ்சிவப்பு சூட்டும் சிவப்புத் தொப்பியுமாக, சுருட்டோடு ஒருவர் நடந்து வருகிறார். சொல்லிக் கேட்டால் கண்ணைக் குத்தும் என்று தோன்றும் சேர்க்கை, பார்த்தால் குத்தவில்லை. ஆசைப்பட்டதையெல்லாம் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தால் அந்த அழகு கைகூடியிருக்காது. எதை விடுவது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. உடையின் கலை அங்கேதான் இருக்கிறது என்பேன்.

நடத்தைக்கும் விதி உண்டு. சாப்பர் கைகலப்பில் இறங்கக் கூடாது, மரியாதை தவறிப் பேசக் கூடாது. 1990-களின் உள்நாட்டுப் போரில் பக்கோங்கோ சிதைந்து, மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். திரும்பி வந்தபின் அதே தெருவில் சூட் அணிந்து நடந்தவர்களை நினைக்கும்போது, கைகலப்பு கூடாது என்ற விதியின் கனம் புரிகிறது.

விலை உயர்ந்த ஒரு ஜோடி வெஸ்டன் ஷூவுக்குப் பல மாதச் சம்பளத்தைக் கொட்டுகிறார்களே, வீட்டில் பிள்ளைகள் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. கடன்பட்டு வாங்கும் பெருமையை நான் பாராட்ட மாட்டேன். ஆனால் அவர்களுக்குள் கோட்டும் ஷூவும் இரவலாகக் கைமாறுவது சகஜம். இன்று ஒருவர் போட்ட கோட்டை அடுத்த ஞாயிறு நண்பர் போட்டு வருவார். அது யாருடைய கோட் என்று பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் தெரியும். தோளில் சரியாக உட்கார்ந்து, நடையும் பொருந்திவிட்டால் அவருக்கும் அதே கைதட்டல்தான்.