பாய்மரமும் காப்பிக் கொட்டையும்

(வேடந்தாங்கலில் நடந்த நம் முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் பேசியதன் எழுத்து வடிவம்)



இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். ஏரிக்கரைக்கு நத்தைகுத்தி நாரை பார்க்கப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. அவர்கள் வருவதற்குள் முடித்துவிடுவேன். வந்த பிறகு யார் என் பேச்சைக் கேட்பார்கள்?

போன வருஷக் கூட்டத்தில் நம் இளைய நண்பர் ஒருவர் ஒரு யோசனை சொன்னார். "சார், ஐரோப்பாவில் இப்போ பாய்மரக் கப்பல்ல காப்பி கொண்டுவந்து விக்கறாங்க. டீசல் கிடையாது, புகை கிடையாது. நாமும் மங்களூர்லேர்ந்து அப்படி அனுப்பலாமே. சங்கத்துப் பெரியவங்க ஆளுக்கொரு பங்கு போட்டா போதும்" என்றார். பலருக்குப் பிடித்திருந்தது. சிலர் செக் புத்தகத்தை எடுக்கிற நிலைக்கே வந்துவிட்டார்கள். நான் மங்களூரில் ஒரு காப்பி பதனிடும் ஆலையில் 29 வருஷம் வேலை பார்த்தவன். அதனால் பதில் சொல்லும் பொறுப்பைச் செயலாளர் என் தலையில் கட்டிவிட்டார். தம்பி, இந்தப் பேச்சு உங்களுக்குத்தான். மற்றவர்கள் கூட இருந்து கேளுங்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். காப்பியும் பாய்மரமும் பழைய உறவுக்காரர்கள். ஏமன் நாட்டு மோக்கா துறைமுகத்திலிருந்து காப்பி உலகத்துக்குப் போனதே பாய்க்கப்பலில்தான். பாபா புதான் ஏழு கொட்டைகளைக் கொண்டுவந்து சிக்மகளூர் மலையில் நட்டார் என்று கர்நாடகத்தில் இன்றும் சொல்கிறார்கள். டச்சுக்காரர்கள் 1696-இல் மலபாரிலிருந்து காப்பிச் செடிகளை ஜாவாவுக்கு அனுப்பினார்கள். அவை அழிந்துபோயின. 1699-இல் மறுபடி அனுப்பியவை வேர் பிடித்தன. அதே டச்சுக் கம்பெனியின் கோட்டைதான் இங்கிருந்து கிழக்கே, சதுரங்கப்பட்டினத்தில் நிற்கிறது. அவர்கள் அங்கே வாங்கியது துணி. காப்பி நம் செங்கல்பட்டுக் கரையிலிருந்து ஏறவில்லை, மேற்குக் கரையிலிருந்து ஏறியது. ஆனால் கப்பலும் காற்றும் ஒன்றுதான். நாளை மாமல்லபுரம் போகும்போது நேரமிருந்தால் அந்தக் கோட்டைக்குள் இருக்கும் கல்லறைகளைப் பாருங்கள். கல்லில் வேலைப்பாடு செதுக்கியிருப்பார்கள்.

இனி என் தொழில் விஷயத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்தில் மலபார்க் கரையில் ஏற்றிய காப்பி, ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஐரோப்பா போய்ச் சேர ஐந்தாறு மாதம் ஆகும். மரக்கப்பலின் அடித்தட்டில், கடல் ஈரத்தில், மூட்டை மூட்டையாகக் கிடக்கும். ஏற்றும்போது பச்சையாக இருந்த கொட்டை, இறங்கும்போது ஊதிப் பெருத்து வெளிர் மஞ்சளாகியிருக்கும். புளிப்பு அடங்கிப்போயிருக்கும். நியாயமாகப் பார்த்தால் அது கெட்டுப்போன சரக்கு. ஆனால் குடித்துப் பழகியவர்களுக்கு அதுதான் இந்தியக் காப்பியின் ருசி. ஸ்காண்டிநேவியா பக்கத்து ஆட்கள் அதற்கு அடிமையாகவே ஆகிவிட்டார்கள்.

1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நீராவிக் கப்பல் வந்தது. பயணம் சில வாரங்களுக்குள் சுருங்கியது. கொட்டை பச்சையாகவே போய் இறங்கியது. உடனே புகார், "இது எங்கள் காப்பி இல்லை!" வேகமாகக் கொண்டுபோய்க் கொடுத்ததற்காகத் திட்டு வாங்கிய வியாபாரத்தை வேறெங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

நம் மேற்குக் கரைக்காரர்கள் மூளையைப் பாருங்கள். கப்பல் செய்த வேலையைக் கரையில் செய்ய முடியுமா என்று யோசித்தார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மங்களூரில் அடிக்கும் காற்றும் கடல் காற்றுத்தானே? அதிலிருந்து வந்ததுதான் 'மான்சூன்ட் மலபார்'. உலரவைத்த செர்ரிக் கொட்டையில் பெரிதாகப் பார்த்துப் பொறுக்கி, காற்றோட்டமான குடோனில் சாண் உயரத்துக்குப் பரப்புவோம். மழை உள்ளே வரக்கூடாது, காற்று வரவேண்டும். அடிக்கடி கிளறிவிட வேண்டும். ஈரம் ஏறியதும் சாக்கில் தளர்வாகக் கட்டி, இடைவெளி விட்டு அடுக்குவோம். சந்துக்குள் காற்று புகுந்து ஓடும். சில நாள் கழித்து அவிழ்த்து வேறு சாக்கில் கொட்டி மறுபடி அடுக்குவோம். இப்படி மூன்று நான்கு மாதம். கவனம் தப்பினால் பூசணம் பிடித்துவிடும். ஆடி மாதக் காற்று இரண்டு நாள் நின்றுபோனால் எங்கள் மேலாளருக்குத் தூக்கம் போய்விடும். இன்று அது புவிசார் குறியீடு பெற்ற சரக்கு.

இதில் ஒரு சங்கதி. விளம்பரத் தாளில் 'பருவக்காற்று பதனிட்ட காப்பி' என்று அழகாக அச்சடிப்பார்கள். காற்று வந்து சாக்கை அவிழ்க்குமா? கிளறியது, கொட்டியது, உட்கார்ந்து கறுப்புக் கொட்டையை ஒவ்வொன்றாகப் பொறுக்கியது எல்லாம் ஆட்கள். பொறுக்கியவர்களில் பெரும்பாலும் பெண்கள். அவர்கள் கூலி தாளின் எந்த மூலையிலும் இருக்காது.

இப்போது தம்பி சொன்ன ஐரோப்பியக் கப்பல்கள். உண்மைதான், இருக்கின்றன. 'ட்ரெஸ் ஹோம்ப்ரெஸ்' என்று நெதர்லாந்துக் கப்பல், இயந்திரமே இல்லாதது, 2009 முதல் அட்லாண்டிக்கைக் கடந்து ரம், கோக்கோ, காப்பி கொண்டுவந்தது. கொள்ளளவு ஏறத்தாழ 40 டன். கணக்குப் போடுங்கள்: 60 கிலோ மூட்டையாக 660 சொச்சம். ஒரு இருபதடிக் கண்டெய்னரில் 320 மூட்டை அடங்கும். ஆக, முழுக்கப்பலும் இரண்டு கண்டெய்னர்! பிரெஞ்சுக்காரர்களின் 'கிரேன் டி செயில்' 2020-இல் 50 டன் கப்பலில் ஆரம்பித்து, 2024-இல் 350 டன்னுக்குப் போனார்கள். அதே 2024-இல் 'அனெமோஸ்' என்ற 81 மீட்டர்ப் பாய்க்கப்பல் நியூயார்க் போனது. அது ஆயிரம் டன் ஏற்றும். ஆக, விளையாட்டு இல்லை, வளரும் தொழில்தான்.

ஆனால் அவர்கள் போகும் பாதையைக் கவனியுங்கள். அட்லாண்டிக்கில் போகும்போது தெற்கே இறங்கினால் தடக்காற்று பின்னாலிருந்து தள்ளும். வரும்போது வடக்கே ஏறினால் மேலைக்காற்று வீடு சேர்க்கும். காற்றே ஒரு வட்டச் சாலை போட்டு வைத்திருக்கிறது. மங்களூருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சூயஸ் கால்வாய்க்குள் பாய் விரித்துப் போக முடியாது, செங்கடலில் பாதி தூரம் எதிர்க்காற்று. மிச்சம் நன்னம்பிக்கை முனைதான். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்களைத் தாக்க ஆரம்பித்தபோது பெரிய கண்டெய்னர்க் கப்பல்களே அந்தப் பழைய வழியைச் சுற்றிப் போயின. அவற்றுக்கு அது சில நாள் கூடுதல், நமக்கு மாதக்கணக்கு. போதாததற்கு, மழைக்காலத்தில் மங்களூர்ப் பழைய துறையிலிருந்து லட்சத்தீவுக்குப் போகும் மஞ்சிகள்கூட, இயந்திரம் இருந்தும், கரையில் கட்டிக் கிடக்கும்.

இது காற்றுக் கணக்கு. ஆள் கணக்கு ஒன்று இருக்கிறது. அதைச் சொல்ல நான் கொஞ்சம் சொந்தக் கதை பேச வேண்டும்.

என் அப்பா வழித் தாத்தா கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஒரு கால்வாய்க்கரை ஊர்க்காரர். பக்கிங்காம் கால்வாயில் சரக்குப் படகு ஓட்டியவர். நாளை மாமல்லபுரத்துக்குள் நுழையுமுன் நம் பஸ் ஒரு பாலம் ஏறி இறங்கும், அதற்குக் கீழே கிடப்பதுதான் அந்தக் கால்வாய். 1806-இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் நடுவே சின்னதாகத் தொடங்கியது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலை என்று பட்டினி ஆட்களைக் கொண்டு வெட்டிச் சென்னைக்குள் இணைத்தார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். வெட்டினவன் பெயரையா வைப்பார்கள்! தெற்கே மரக்காணம் வரை போகிறது. தமிழ்நாட்டுப் பகுதி மட்டும் 163 கிலோமீட்டர்.

தாத்தா ஏற்றியது காப்பி அல்ல. உப்பு, சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல், சவுக்கு விறகு. ஒருவகையில் அதுவும் காப்பிச் சரக்குதான். பட்டணத்தில் அத்தனை காப்பி கிளப்புகளும் அந்த விறகில்தானே வெந்நீர் போட்டன! வாடைக்காற்று அடித்தால் தெற்கே போகப் பாய் கட்டுவார்கள். தெற்குக் காற்றில் வடக்கே வருவார்கள். காற்று இல்லாத நாளில் மூங்கில் கழி ஊன்றித் தள்ளுவார்கள். எதிர்க்காற்று என்றால் கரையில் இறங்கி, தோளில் கயிறு போட்டு, படகை இழுத்துக்கொண்டே நடப்பார்கள். சின்ன வயசில் அவர் வலது தோளில் கை வைத்துப் பார்த்திருக்கிறேன். மாட்டுக் கழுத்துக் காய்ப்பு மாதிரி இருக்கும்.

ஒருநாள் கேட்டேன், "ஏன் தாத்தா, காத்துதான் இழுக்குமாமே, பாய் கட்டினா போதாதா?" அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "காத்து வாரத்துல ரெண்டு நாள் வரும்டா. மொதலாளி ஏழு நாளும் வருவான்." நடை கணக்கில்தான் கூலி. காற்று நின்று மூன்று நாள் தாமதமானால் அந்த மூன்று நாள் சோறு அவர் பாடு. அதனால்தான் கால்வாய்ச் சரக்கு மலிவாக இருந்தது. லாரி வந்ததும், அறுபதுகளில் புயல் அடித்துக் கால்வாய் தூர்ந்ததும் அந்தத் தொழில் முடிந்தது. ஊரில் யாரும் அழுததாக நான் கேள்விப்படவில்லை. 2008-இல் இதை தேசிய நீர்வழி 4-இல் சேர்த்து அறிவித்தார்கள்.

தம்பி, உங்கள் ஐரோப்பியக் கப்பலில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே சம்பள மாலுமிகளோடு, ஆசைப்பட்டுப் பணம் கட்டி வருகிறவர்களும் கயிறு இழுக்கிறார்கள். என் தாத்தா இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எனக்குத் தெரியும், ஆனால் பெண்கள் இருக்கும் சபை. நான் அவர்களைக் கேலி செய்யவில்லை. மாலுமிக்கு மரியாதையான சம்பளம் கொடுக்கிறார்கள். அதனால் அந்தக் காப்பி விலை கூட. அந்த விலை கொடுக்க ஆள் இருப்பதால் நடக்கிறது. பாய்மரம் மலிவு என்று யாராவது சொன்னால், பழைய காலத்தில் யார் வயிற்றில் அடித்து மலிவாக்கினார்கள் என்று கேளுங்கள்.

ஆகவே என் பதில் இது. மங்களூரிலிருந்து ஐரோப்பாவுக்குப் பாய்மரக் காப்பி என்றால் நான் ஒரு ரூபாய் போடமாட்டேன், நண்பர்களையும் போடச் சொல்லமாட்டேன். அதை விட்டு, மங்களூர்–லட்சத்தீவு, அல்லது தூத்துக்குடித் தோணிகள் போகும் மாலத்தீவு என்று சின்ன ஓட்டமாக, இயந்திரத்தோடு பாயும் வைத்து, டீசல் எவ்வளவு மிச்சமாகிறது என்று ஒரு பருவம் பார்த்துச் சொல்லுங்கள். தூத்துக்குடித் தோணிகள் இயந்திரம் வரும்வரை பாயை நம்பியே கொழும்புக்கு ஓடியவை. பாய் தைக்கத் தெரிந்த கிழவர்கள் யாராவது இருந்தால் முதலில் அவர்களைப் போய்ப் பாருங்கள். திட்ட அறிக்கையில் காற்று இல்லாத நாள்களுக்கும் மாலுமிக்குச் சம்பளம் என்று ஒரு வரி எழுதிக்கொண்டு வாருங்கள். அதைப் பார்த்த பிறகும் லாபம் ஒட்டினால், என் ஓய்வூதியத்திலிருந்து முதல் பங்கு.

கடைசியாக ஒரு தகவல். மான்சூன்ட் மலபார்ப் பொடி இரண்டு கிலோ கொண்டுவந்திருக்கிறேன், சமையற்காரரிடம் கொடுத்தாயிற்று. டிகாக்ஷன் கெட்டியாக இறங்கும், புளிப்பே இருக்காது. தயவுசெய்து யாரும் சிக்கரி கலக்கச் சொல்லாதீர்கள், ஆறு மாதக் கடல் பயணம் வீணாகிவிடும். பீபரிதான் வேண்டும் என்று அடம்பிடிக்கும் கும்பகோணத்து நண்பர்களுக்குத் தனியாக ஒரு பில்டர் போடச் சொல்லியிருக்கிறேன். நாரை பார்க்கப் போனவர்கள் வருகிற சத்தம் கேட்கிறது.