எண்ணலும் நீட்டலும்



ஒரு கணித ஆசிரியரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்குப் பெரிய கோட்பாடு எதையும் நான் கொண்டுவரவில்லை. நிரல் எழுதக் கற்கும் மாணவர் முதல் வாரமே கேட்கும் கேள்விதான் என் பொருள்: "ஐயா, அரேயின் முதல் உறுப்புக்கு ஏன் பூஜ்ஜியம் என்று எண் போடுகிறோம்?"

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று அளவைகளைப் பிரித்து வைத்தனர் நம் முன்னோர். விடை அந்தப் பிரிவிலேயே இருக்கிறது. தேங்காயை எண்ணுகிறோம்; முதல் தேங்காய் ஒன்று. துணியை நீட்டி அளக்கிறோம். தொடங்கும் முனை பூஜ்ஜியம். ஸ்கேலில் 1 என்ற கோட்டிலிருந்து அளக்கும் பிள்ளைக்குப் பென்சில் ஒரு சென்டிமீட்டர் வளர்ந்துவிடுவதைப் பார்க்காத ஆசிரியர் உண்டா?

1957-இல் வந்த ஃபோர்ட்ரான் மொழி எண்ணல் வழியில் நின்றது. சூத்திரங்களோடு பழகியவர்களுக்கான மொழி அது. அணியின் முதல் வரிசை அவர்களுக்கு 1. மேட்லேப், ஆர், ஜூலியா ஆகியவையும் அப்படியே. 1970-களின் தொடக்கத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழி நீட்டல் வழிக்காரர். அரேயின் முதல் உறுப்பு நினைவகத்தில் 1000-ஆம் முகவரியில் இருக்கிறது, ஒவ்வோர் உறுப்பும் 4 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்டெக்ஸ் 3 என்றால் தொடக்கத்திலிருந்து மூன்று உறுப்பு தள்ளிப் போ என்று பொருள். 1000 + 3×4 = 1012. முதல் உறுப்பை எடுக்கத் தள்ளிப் போகவே வேண்டாம். ஆகவே அதன் எண் 0.

நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982 ஆகஸ்ட் 11 அன்று எழுதிய சிறு குறிப்பில் முகவரியை விட்டுவிட்டு வேறு வழியில் இதே முடிவுக்கு வந்தார். 2 முதல் 12 வரையிலான எண்களை எப்படிக் குறிப்பது? தொடக்கத்தைச் சேர்த்து முடிவைச் சேர்க்காமல், "2 முதல் 13-க்கு முன் வரை" என்று குறித்தால், 13-இலிருந்து 2-ஐக் கழித்ததும் எத்தனை எண்கள் என்பது கிடைத்துவிடும்: 11. அடுத்த வரிசை 13-இலேயே தொடங்கும். இடையில் பிசிறு இல்லை. இந்த முறையில் N உறுப்புகளுக்கு ஒன்றிலிருந்து எண் போட்டால் முடிவு N+1 என்றாகும். பூஜ்ஜியத்திலிருந்து போட்டால் N என்றே நிற்கும்.

இரண்டு வழியும் கலந்தால்தான் வம்பு. ஜூலியஸ் சீசர் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மிகைநாள் சேர்க்க ஏற்பாடு செய்தார். ரோமானியர் தொடங்கும் ஆண்டையும் சேர்த்து எண்ணும் வழக்கத்தினர். "நான்காம் ஆண்டு" என்பதைப் பூசாரிகள் அப்படியே எண்ண, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மிகைநாள் வந்தது. 36 ஆண்டுகளில் 9 நாள் சேர வேண்டிய இடத்தில் 12 சேர்ந்துவிட்டது. அகஸ்டஸ் பேரரசர் சில மிகைநாள்களை நிறுத்தித்தான் அதைச் சரிக்கட்டினார்.

நம் பேச்சுவழக்கு இதில் கெட்டி. "பையனுக்குப் பத்து முடிந்து பதினொன்று நடக்கிறது" என்கிறோம். முடிந்தது நீட்டல், நடப்பது எண்ணல். எது எது என்று சொல்லிவிட்டதால் குழப்பமே இல்லை. நெற்களத்தில் அளப்பவர் முதல் மரக்காலை "ஒன்று" என்னாமல் "லாபம்" என்பார், அடுத்தது "இரண்டு". பெயர்தான் மாறியது, கணக்கு மாறவில்லை. அவர் "பத்து" என்று முடித்தால் குவியலில் பத்து மரக்கால் இருக்கும். சி மொழியில் பத்து உறுப்புள்ள அரேயோ 9-இல் முடிகிறது. அங்கே கடைசி எண்ணை எண்ணிக்கை என்று நினைத்தவரின் லூப் ஒரு சுற்று குறைவாக ஓடும். எண்ணிக்கையைக் கடைசி எண் என்று நினைத்தவரின் லூப் ஒரு சுற்று கூடுதலாக ஓடி, அரேக்கு வெளியே கைவைக்கும்.

பூஜ்ஜியமா ஒன்றா என்று பட்டிமன்றம் நடத்தித் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இரண்டும் தத்தம் வேலைக்குச் சரி. ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். லூப் சொல்லித்தரும் முன் கரும்பலகையில் ஒரு வேலி வரையுங்கள். நீளம் 100 அடி. 10 அடிக்கு ஒரு கல். இடைவெளி பத்து, கல் பதினொன்று. மாணவரே எண்ணிப் பார்க்கட்டும். கல்லை எண்ணுகிறோமா இடைவெளியை எண்ணுகிறோமா என்று கேட்டுக்கொண்டு நிரல் எழுதுகிறவர் பாதிப் பிழையை எழுதும் முன்பே திருத்திவிடுகிறார்.