மாற்றுச் சிறுநீரகம் காக்கும் இளையோரும் கைப்பேசித் துணையும்
(நைனார்பாளையத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அறநூல்கள் போற்றும் நால்வகைத் தானங்களுள் ஔடத தானமும் ஒன்று. நோயுற்றவருக்கு மருந்து வாங்கிக் கொடுத்தவுடன் அத்தானம் நிறைவுற்றதாகப் பலரும் எண்ணுவர். அம்மருந்தை அவர் வேளை தவறாமல் உட்கொள்ளத் துணைநிற்பதும் அதன் பகுதியே. சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்ற இளையோரின் வாழ்வில் இவ்வுண்மை நன்கு விளங்கும்.

இந்தியாவில் சிறுநீரக மாற்று அறுவை முதன்முதலாக வெற்றி கண்டது 1971-இல், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில். மூளைச்சாவு அடைந்தோரின் உறுப்புகளைப் பெற்றுப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2008-இல் தொடங்கியது. இன்று அறுவை பெரும்பாலும் நன்றாகவே முடிகிறது. அதன் பின்னர்தான் நெடுங்காலப் பொறுப்பு தொடங்குகிறது.

பிறரிடமிருந்து பெற்ற உறுப்பை உடல் அயலாகவே கருதி எதிர்க்கும். டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் அவ்வெதிர்ப்பை அடக்குகின்றன. பெரும்பாலோர் இதனை 12 மணி நேர இடைவெளியில் நாள்தோறும் இருவேளை உட்கொள்ள வேண்டும். ஒரு வேளை தவறினால் வலி எதுவும் தோன்றாது. அதனாலேயே மறதி பழக்கமாகிறது. இரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் உயர்ந்து காணும்போது சிறுநீரகம் ஏற்கெனவே ஊறுபட்டிருக்கலாம்.

17 முதல் 24 வயது வரையிலான பருவத்தில் மாற்றுச் சிறுநீரகத்தை இழக்கும் இடர் மிகுதி என ஆய்வுகள் கூறுகின்றன. கல்லூரி விடுதி, நண்பர் முன்னிலையில் மாத்திரை விழுங்கும் கூச்சம், ஸ்டீராய்டு மருந்தால் முகம் உப்புவதால் வரும் மனவேதனை, குழந்தை மருத்துவரை விட்டுப் புதிய மருத்துவரிடம் செல்லும் தயக்கம் ஆகிய யாவும் அப்பருவத்தில் ஒருங்கே வந்து சேர்கின்றன.

இங்குதான் கைப்பேசி கைகொடுக்கிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் 8 மருத்துவ மையங்களில் 11 முதல் 24 வயதுக்குட்பட்ட 169 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2018-இல் வெளிவந்தது. திறக்கும் நேரத்தைப் பதிவு செய்யும் மருந்துப்பெட்டி, நினைவூட்டும் குறுஞ்செய்தி, தடைகளைக் கேட்டறிந்து வழிகாட்டும் பயிற்றுநர் ஆகிய மூன்றும் சேர்ந்து கிடைத்தவர்கள் மற்றவரைவிட ஒழுங்காக மருந்து உட்கொண்டனர். கருவியோடு மனிதத் துணையும் அங்கே இணைந்திருந்தது என்பதே கருதத்தக்கது.

நைனார்பாளையத்திலிருந்து சென்னை 200 கிலோமீட்டருக்கும் அப்பாற்பட்டது. ஒவ்வோர் ஐயத்திற்கும் அங்கே ஓடுவது இயலாது. இரத்த அழுத்தத்தை நாள்தோறும் குறித்தல், பரிசோதனை அறிக்கைகளைப் படமெடுத்து வரிசையாகச் சேமித்தல், இ-சஞ்சீவனி போன்ற சேவை வழியே காணொளியில் மருத்துவரைக் காணுதல் ஆகியவை பயணச் சுமையைக் குறைக்கும். ஆயினும் காய்ச்சலோ, சிறுநீர்க் குறைவோ தோன்றினால் திரையை நம்பியிராமல் மருத்துவமனைக்கே விரைதல் வேண்டும். கல்வராயன் மலையூர்களில் சிக்னல் நிலையாகக் கிடைக்காத இடங்களும் உள்ளமையால், மருந்து அட்டவணையைத் தாளிலும் எழுதி வைத்தல் நலம்.

சமண இல்லங்கள் தனியே கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. டாக்ரோலிமஸை வெறும் வயிற்றில் உட்கொள்ளுமாறு மருத்துவர் பலரும் கூறுவர். கதிரவன் மறையுமுன் உண்ணும் வழக்கத்தை மருத்துவரிடம் முன்னரே தெரிவித்தால், அதற்கு இயைந்த நேரங்களை வகுக்க அவரால் இயலும். அந்நேரங்களையே கைப்பேசி அலாரத்தில் வைக்கலாம். நீரும் அருந்தா உபவாசம் மாற்றுச் சிறுநீரகத்திற்குக் கேடு விளைவிக்கும். நோன்பு நாள்களில் அப்பிள்ளையை வற்புறுத்தாமலும், மருந்துக்காகத் தண்ணீர் குடித்ததைக் குறைகூறாமலும் இருப்பது சுற்றத்தாரின் கடமை.

அலாரம் ஒலித்து ஓய்ந்துவிடும். "சாப்பிட்டாயா, கண்ணு?" என்று அதட்டாமல் கேட்கும் பாட்டியின் குரலோ பிள்ளையின் மனத்தில் நிற்கும். அச்சிறுநீரகம் ஒருவர் ஈந்த கொடை. பல வீடுகளில் அது பெற்ற தாயே தந்தது. அக்கொடையைக் காக்கும் பொறுப்பை அப்பிள்ளை ஒருவன் தலையில் மட்டும் சுமத்தாமல் இல்லம் முழுவதும் பகிர்ந்துகொள்வதே உண்மையான ஔடத தானம்.