ஊசி போடாத டொக்டர்மார்
(பேர்ண் பெற்றோர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நான் பட்டதாரி அல்லன். ஊரில் உயர்தரத்தோடு படிப்பை நிற்பாட்டி, இங்கே தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். எங்கட பிள்ளையளின் மேற்படிப்புப் பற்றி ஒரு விசயம் சொல்ல வந்திருக்கிறேன்.

உயிரியலில் முதுமாணி முடித்த ஒரு பிள்ளை, கலாநிதிப் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யப்போவதாகச் சொன்னா. தகப்பன் கேட்டார்: "இன்னும் படிப்போ? எப்ப உழைக்கிறது? முடிச்சால் ஊசி போடலாமோ?" அவரைக் குறை சொல்லேலாது. எங்களுக்குத் தெரிந்தது வைத்தியரும் பொறியியலாளரும்தானே.

பேர்ண் பல்கலைக்கழகத்தில் உயிரணு, உயிர்மருத்துவ விஞ்ஞானங்களுக்கென்றே பட்டப்பின் படிப்புப் பள்ளி ஒன்று இருக்கிறது. மருத்துவ பீடம், விஞ்ஞான பீடம், மிருகவைத்திய பீடம் மூன்றும் அதில் சேர்ந்திருக்கின்றன. முதுமாணி முடித்தவர்கள் ஆய்வுகூடத்தில் குறைந்தது 3 வருடம் ஆராய்ச்சி செய்து கலாநிதி ஆகலாம். நோயெதிர்ப்பியல், நரம்பு விஞ்ஞானம், உயிர்மருத்துவப் பொறியியல் என்று துறைகள் பல. வைத்தியர்களும் மிருகவைத்தியர்களும்கூடத் தங்கட பட்டத்தோடு இதையும் சேர்த்து எடுக்கலாம். பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கும்.

தகப்பனுடைய கேள்விக்கு வாறன். இது வேலையும்தான், வழக்கமாகச் சம்பளம் உண்டு. பெரிய சம்பளம் அல்ல. ஒப்பந்தம் முடிய அடுத்த வேலை தேட வேண்டும். அதையும் மறைக்காமல் சொல்லுறன்.

ஊசி போடாமல் என்ன பிரயோசனம் என்பீர்கள். இதே பேர்ணில் தேயோடோர் கொக்கர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். கழலை நோய்க்காகத் தைரொயிட் சுரப்பியை முழுதாக வெட்டியெடுத்த நோயாளிகள் பின்னர் உடலும் மனமும் மந்தமாகிப் போனதைக் கவனித்து, 1883 இல் வெளிப்படையாகச் சொன்னார். அந்தச் சுரப்பி பற்றிய வேலைக்கு 1909 இல் நோபல் பரிசு பெற்றார். கழலைக்குக் காரணம் அயடீன் குறைவு என்பதை வேறு ஆய்வாளர்கள் விளங்கிக்கொள்ள, 1922 இல் இந்த நாட்டில் உப்பில் அயடீன் சேர்க்கத் தொடங்கினார்கள். கத்தி ஆயிரக்கணக்கானோருக்கு உதவியது. உப்பு நாட்டுக்கே உதவியது. எங்கட குசினியில் இருக்கிற உப்புப் பெட்டியிலும் அந்த ஆராய்ச்சிதான் இருக்கிறது.

ஆகவே, பெற்றோரே, மருத்துவ பீடத்தில் இடம் கிடைக்காத பிள்ளையைத் தோற்ற பிள்ளை என்று பார்க்காதேங்கோ. ஆராய்ச்சி என்று பிள்ளை சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கோ: எந்த ஆய்வுகூடம்? வழிகாட்டுவது யார்? சம்பளம் எத்தனை வருசத்துக்கு? மறுமொழி திருப்தி என்றால் வழி விடுங்கோ. இரவு வேலையில் நாங்கள் முழித்திருப்பது அதுகள் விரும்பியதைப் படிக்கத்தானே.