நர்சிங் படிக்கப் போகும் நம் பெண்களுக்கு

(செவிலியர் படிப்பில் சேரும் மாணவிகளுக்கும் பெற்றோருக்குமாகத் தியாகதுருகத்தில் கூட்டிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டரும் இல்லை, நர்சும் இல்லை. பேங்க்ல கிளார்க். கவிதை எழுதுறவன். 'ஸ்காலர்ஷிப் ஏறிடுச்சா சார்'னு கேட்டு கவுன்டர்ல நிக்கிற நம்ம புள்ளைங்கள வருசா வருசம் பாக்குறேன். எங்க அக்கா மக ஒருத்தி ஜி.என்.எம். முடிச்சு வேலைக்குப் போறா. அவ சொன்னது, கவுன்டர்ல நான் பார்த்தது ரெண்டையும் சேர்த்துச் சொல்றேன்.

முதலில் காகிதம். சிறு நகரங்களில் பஸ் ஸ்டாண்டுச் சுவரிலெல்லாம் 'ஆறு மாதத்தில் நர்ஸ்', 'ஒரே வருடத்தில் நர்ஸ்' என்று ஒட்டியிருப்பார்கள். அது நர்சிங் இல்லை. ஏ.என்.எம். இரண்டு வருடம், ஜி.என்.எம். மூன்று வருடம், பி.எஸ்ஸி. நர்சிங் நான்கு வருடம். படித்து முடித்தால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பெயரைப் பதிவு செய்ய முடிய வேண்டும். 1926-லேயே வந்த சட்டம் இது. பதிவு இல்லாதவளை அரசாங்கமும் நர்ஸாக எடுக்காது, வெளிநாடும் எடுக்காது. தனியார் கிளினிக்கில் மூட்டை தூக்குகிற கூலிக்கும் கீழே காலம் ஓடும். சேருவதற்கு முன் அந்தக் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரிக்காரன் வாயால் சொல்வது போதாது.

அடுத்தது பணம். ஒடுக்கப்பட்ட சாதி மாணவர்களுக்கான மத்திய அரசு உதவித்தொகை 1944-ல் தொடங்கியது. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அம்பேத்கர் இருந்த காலம் அது. யாரும் நமக்குப் பிச்சை போடவில்லை. சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறித்துவ ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்று 2012-ல் தமிழக அரசு ஆணை போட்டது. வருமான வரம்பு இரண்டரை லட்சம். ஆனால் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் உதவித்தொகை இல்லை. 'சீட்டு இருக்கு, உடனே வா' என்று புரோக்கர் கூப்பிடும்போது இதை ஞாபகம் வையுங்கள். கவுன்சிலிங் வழியாகப் போங்கள்.

இப்போது மத்திய அரசின் பங்கு மாணவியின் கணக்குக்கே நேராக வருகிறது. அந்தக் கணக்கு உயிரோடு இருக்க வேண்டும். ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறதோ அங்கேதான் பணம் போகும். அப்பா எப்போதோ வேறு பேங்கில் திறந்து வைத்த கணக்கில் ஆதார் மாட்டியிருக்கும். புள்ள இங்கே பாஸ்புக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இப்படி நிறையப் பேரைப் பார்த்துவிட்டேன். சேர்வதற்கு முன்னாடியே பேங்குக்குப் போய்க் கேட்டு விடுங்கள். கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம். பதில் சொல்லத்தான் எங்களுக்குச் சம்பளம்.

கட்டணம் வெறும் பணக் கணக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 2016 ஜனவரியில், நம்ம சின்னசேலத்துக்குப் பக்கத்தில் பங்காரத்தில், தனியார் இயற்கை மருத்துவக் கல்லூரி மாணவிகள் மூன்று பேர் கிணற்றில் பிணமாகக் கிடந்தார்கள். அளவுக்கு மீறிக் கட்டணம் கேட்டதைச் சொல்லும் கடிதம் கிடைத்தது. அதற்கு முன்பே மாணவர்கள் ஆட்சியர் அலுவலகம் வரை போய் முறையிட்டிருந்தார்கள். கேட்க ஆளில்லை. அதனால்தான் சொல்கிறேன், எந்தப் பணத்துக்கும் ரசீது வாங்குங்கள். நெருக்கினால் தனியாக வைத்துப் புழுங்காதீர்கள். எங்களிடம் வாருங்கள்.

இனி படிப்பு. முதல் வருடம் உடற்கூறு, உடலியல், நுண்ணுயிரியல், சத்துணவு, உளவியல், செவிலிய அடிப்படைகள். எல்லாம் இங்கிலீஷ். தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு, கல்வராயன் மலை உண்டு உறைவிடப் பள்ளியில் படித்துவிட்டு வருகிற புள்ளைக்கு முதல் மாதம் அழுகை வரும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். கழுத்துத் தசைக்கு 'ஸ்டெர்னோகிளைடோமாஸ்டாய்ட்' என்று பேர். கான்வென்ட்டில் படித்தவளும் அன்றைக்குத்தான் அதை முதல்முதலாகக் கேட்கிறாள். கிரேக்கமும் லத்தீனும் அவள் தாத்தா பேசின பாஷை இல்லை. சொல்லை உடைத்துப் படியுங்கள். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அழற்சி. 'ஹெப்பட்' ஈரல். 'நெஃப்ர்' சிறுநீரகம். 'ஹைப்போ' குறைவு, 'ஹைப்பர்' மிகுதி. ஐம்பது துண்டு தெரிந்தால் ஐந்நூறு சொல் வரும்.

கணக்குக்கும் பயப்படாதீர்கள். 500 மில்லி குளுக்கோஸை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும். ஒரு மில்லிக்கு 20 சொட்டு விழுகிற குழாய். 500-ஐ 20-ஆல் பெருக்கி 240 நிமிசத்தால் வகுத்தால் நிமிசத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. குழுக் கடன் வட்டியை விரல் மடக்கியே போடுகிற அம்மாவின் மகளுக்கு இது ஆகாதா?

பிறகு வார்டு. படுக்கை விரிப்பது, காய்ச்சல் பார்ப்பது, நாடி எண்ணுவது, உடம்பு துடைத்துவிடுவது, பெட்பேன் வைப்பது. பீ, மூத்திரம், சீழ், ரத்தம் எல்லாம் வரும். ஹெப்பாடிட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணையும் போட்டுக்கொள்ளுங்கள். போட்ட ஊசிக்கு மறுபடி மூடி மாட்டாதீர்கள். கையில் குத்திவிட்டால் திட்டுவார்களே என்று மறைக்காதீர்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தைச் சில மணி நேரத்துக்குள், தவறினால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.

இந்த இடத்தில் பெரியவர் ஒருத்தர் என்னிடம் கேட்டார்: "நம்ம ஆயாளுங்க பிரசவம் பாத்து, தொப்புள்கொடி அறுத்து, நஞ்சு புதைச்சாங்க. திரும்பவும் பீ அள்ளத்தானா புள்ளைங்கள அனுப்புறீங்க?" நியாயமான கேள்வி. நம் கிழவிகள் செய்தது பிறப்பால் தலையில் கட்டின வேலை. கூலியாக ஒரு படி நெல், பழைய புடவை. அவர்களிடம் இருந்த அறிவை யாரும் அறிவு என்று எழுதி வைக்கவில்லை. நீங்கள் மலத்தின் நிறத்தைப் பார்த்து ரத்தக் கசிவா என்று சந்தேகப்பட்டுச் சார்ட்டில் எழுதுகிறீர்கள். கீழே உங்கள் கையெழுத்து இருக்கிறது. சம்பளம் இருக்கிறது. பிடிக்காவிட்டால் விட்டுப் போகிற உரிமை இருக்கிறது. இந்த மூன்றும் சேர்ந்தால்தான் அது தொழில்.

ஆஸ்பத்திரிக்குள்ளும் சாதி இருக்கிறது. நம் பக்கம் ஆயா என்றால் பாட்டி. ஆஸ்பத்திரியில் ஆயா என்றால் வார்டைக் கூட்டி, அழுக்குத் துணி அள்ளுகிறவள். அவள் பெரும்பாலும் நம் தெருக்காரி. வெள்ளைச் சீருடை போட்டதும் அவளை 'ஏய்' என்று கூப்பிடச் சொல்லித் தரும் அந்த இடம். கூப்பிடாதீர்கள்.

நோயாளி கேட்பார்: "எந்த ஊரும்மா? ஊரா, காலனியா?" தன் வீட்டுத் திண்ணையில் உங்களை உட்கார விடாதவர் நாடி பார்க்கச் சொல்லிக் கையை நீட்டுவார். அதனால் அவர் சாதி கரைந்துவிட்டது என்று கவிதை எழுத நான் தயாரில்லை. குணமாகி வீட்டுக்குப் போனதும் திண்ணை அப்படியே இருக்கும். நீங்கள் தலை நிமிர்ந்து ஊர்ப் பேரைச் சொல்லுங்கள், நாடியைச் சரியாக எண்ணுங்கள். போதும்.

கூடப் படிக்கிறவள் 'கோட்டாவில் வந்தவ' என்பாள். 2019-ல் மும்பையில் பாயல் தட்வி என்ற பழங்குடி மருத்துவர், சீனியர்களின் சாதி வதை என்ற புகாரோடு செத்துப்போனார். சாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. ராகிங்குக்கு 1997-ஆம் ஆண்டு தமிழ்நாட்டுச் சட்டம் இருக்கிறது. தேதி, நேரம், சொன்ன சொல், கேட்டவர் பெயர் எல்லாவற்றையும் அன்றைக்கே நோட்டில் எழுதுங்கள். நமக்கு முன்னால் போனவர்களும் உண்டு. அமெரிக்காவில் 1879-ல் பயிற்சி முடித்த முதல் கறுப்பின நர்ஸ் மேரி மஹோனி. புனேயில் 1897 பிளேக்கில் நோயாளிகளைப் பார்க்கப் போய் அதே நோயில் இறந்தார் சாவித்திரிபாய் புலே.

படித்து முடித்ததும் பாலும் தேனும் ஓடாது. 2015-ல் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்த அரசு நர்சுகள் நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். கொரோனாவில் வேலை வாங்கிய ஒப்பந்த நர்சுகளை 2022 டிசம்பர் 31-ஓடு அனுப்பினார்கள். விளக்கேற்றி உறுதிமொழி எடுக்கும்போது சங்கத்தைப் பற்றிச் சொல்லித் தரமாட்டார்கள். அதை நாம்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடைசியாக ஒன்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பெரும்பாலும் நம் சனங்கள். வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல். "கண்ணு தெரியல"ன்னு ஒருத்தன் சொன்னதும், இது போதை இல்லை, விஷம், உடனே தூக்கு என்று சொல்லக்கூடிய ஒருத்தி காலனிக்குக் காலனி இருந்தால் சில உயிராவது மிஞ்சும். அந்த ஒருத்தி டவுனில் வீடு கட்டிப் போய்விடாமல் வாரத்துக்கு ஒரு நாளாவது தெருவுக்கு வர வேண்டும். நான் கேட்பது அவ்வளவுதான்.

கூட்டம் முடிந்ததும் பேர், கல்லூரி, போன் நம்பர் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். பொங்கல் லீவில் மறுபடி கூடுவோம். அப்போது நீங்கள் பேசுங்கள், நாங்கள் கேட்கிறோம்.