குடிபோகும் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கு



பிள்ளைகள் வேறு ஊருக்குக் குடிபோகிறார்கள் என்று முடிவான அன்றே அப்பாவோ அம்மாவோ ஒரு வாக்குக் கொடுத்துவிடுவது நம் வீடுகளில் வழக்கம். "நீ ஒண்ணும் கவலைப்படாதே. அட்வான்ஸை நான் பாத்துக்கிறேன். நானும் கூட வந்து, சாமானெல்லாம் இறக்கி, பால் காய்ச்சிக் குடுத்திட்டுத்தான் திரும்புவேன்." சொல்கிறவர் மனதாரத்தான் சொல்கிறார். கேட்கிறவரும் அதை நம்பித்தான் மற்ற ஏற்பாடுகளைத் தொடங்குகிறார். புறப்பட நாலு நாள் இருக்கும்போது, "இப்ப முடியாதுபோல இருக்கேப்பா" என்று அந்த வாக்கு பின்வாங்குகிறது.

இந்தப் பின்வாங்கலைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ஒரு வீட்டுச் சாமான் மாற்றும் விஷயம்தானே, இதற்கு ஒரு உரையா என்று தோன்றலாம். ஆனால் வளர்ந்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பேச்சுக் குறைந்துபோன குடும்பங்களில், அது எங்கே தொடங்கியது என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் இப்படி ஒரு நாளில்தான் போய் நிற்கும்.

எனக்கு நெருக்கமான ஒரு குடும்பம் திருநெல்வேலிப் பக்கம் இருக்கிறது. மகள் பொறியியல் முடித்தாள். சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை கிடைத்தது. ஜூலைக் கடைசியில் சேர வேண்டும். கூடப் படித்த இரண்டு பெண்களோடு சேர்ந்து பள்ளிக்கரணையில் ஒரு வீடு பார்த்தாள். வாடகை மாதம் 18,000 ரூபாய். அட்வான்ஸில் அவள் பங்கை அப்பா தருவதாகவும், வீட்டுக்காரரைப் பார்த்துப் பேசி ஒப்பந்தத்தை முடித்துக்கொடுக்க அவரே நேரில் வருவதாகவும் பேச்சு. நெல்லை எக்ஸ்பிரஸில் இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தாகிவிட்டது. புறப்படும் வாரத்தில் அப்பா சொன்னார்: "ஆடி பொறந்துட்டும்மா. ஆடியில யாராவது குடிபோவாங்களா? ஆவணி பொறக்கட்டும், பாத்துக்கிடலாம்."

ஆடியில் குடிபோகாத வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அதை உறுதியாகக் கடைப்பிடிக்கும் வீடுகளை மதிக்கிறேன். ஆனால் ஆடி எப்போது பிறக்கும் என்பது, அவர் வாக்குக் கொடுத்த வைகாசியிலேயே சுவரில் தொங்கிய காலண்டரில் இருந்தது. வேலைக்குச் சேரும் தேதியும் அன்றே தெரியும். உண்மைக் காரணத்தைப் பிறகு அம்மாதான் சொன்னார். மூன்று பெண்கள் தனியாக ஒரு வீட்டில் இருப்பதில் அப்பாவுக்கு முதலிலிருந்தே மனம் ஒப்பவில்லை. மகளிர் விடுதியில் சேர்ந்தால் நிம்மதி என்று நினைத்தார். அதை மகளிடம் நேராகச் சொன்னால் அவள் எதிர்த்துப் பேசுவாள், தன்னால் பதில் சொல்ல முடியாது என்று தயங்கினார். அதனால் ஆடி மாதத்தைக் காட்டிவிட்டார்.

டோக்கன் அட்வான்ஸாகக் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை. மற்ற இரண்டு பெண்களும் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் வேலையில் சேரும் தேதி இருக்கிறதே. மகள் தனியாக ரயில் ஏறினாள். படுக்கை வசதிப் பெட்டியில் ஒருவர் 40 கிலோ வரை கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம் என்பது ரயில்வே விதி. அப்பா கூட வருகிறார் என்று நம்பி மூட்டை கட்டி வைத்திருந்ததில் பாதியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். தரமணியில் ஒரு தனியார் விடுதியில் இடம் கிடைத்தது. இன்றைக்கு நல்ல வேலையில் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அப்பாவிடம் எதையும் முன்கூட்டிச் சொல்வதை அவள் நிறுத்திவிட்டாள். சம்பளம் கூடியதும், வேறு பிரிவுக்கு மாறியதும், எல்லாம் நடந்து முடிந்த பிறகே அவருக்குத் தெரிகிறது. அவருக்கு அது பெரிய வேதனை. யார் கேட்டாலும், ஆடியில் எப்படி அனுப்புவது என்றே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பெற்றோரின் வாக்கு பணத்தோடு முடிவதில்லை. சென்னையிலோ பெங்களூரிலோ கல்யாணமாகாத இளைஞர்கள் வீடு தேடிப் போனால், வாசலிலேயே கேட்கும் கேள்வி, "அப்பா அம்மா வந்திருக்காங்களா?" என்பதுதான். பெண்ணாக இருந்தால் இன்னும் கூடுதலாகக் கேட்பார்கள். அப்பா ஒரு முறை நேரில் வந்து உட்கார்ந்து பேசிவிட்டால் வீட்டுக்காரரின் முகமே மாறிவிடுகிறது. இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன். சம்பாதிக்கிற ஒரு பெண்ணின் பேச்சுக்கு அவள் அப்பாவின் முகம் ஜாமீனாக நிற்க வேண்டியிருப்பது நம் நகரங்களுக்குப் பெருமை இல்லை. ஆனால் நடைமுறை அதுதான். அதனால், வருகிறேன் என்று சொன்ன அப்பா வராமல்போனால், பணத்தை எப்படியோ புரட்டிவிட்ட பெண்ணுக்குக்கூட வீடு கைநழுவிப் போகிறது.

அட்வான்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது சென்னையில் நெடுநாள் பழக்கம். தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள் பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு உடன்பாடு இல்லாதவரை, மூன்று மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை வாங்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். பிள்ளைக்கு இவ்வளவு தருகிறேன் என்று சொல்லும் முன்பு இதைத் தெரிந்துகொள்ளுங்கள். தேவைக்கு மேல் பயந்து பெரிய தொகையை ஒப்புக்கொண்டு, பிறகு புரட்ட முடியாமல் பின்வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

சரி, கொடுத்த வாக்கைப் பெற்றவர் காப்பாற்றாவிட்டால் சட்டம் கேட்குமா? பெரும்பாலும் கேட்காது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 25ஆம் பிரிவு, கைம்மாறு இல்லாத உடன்பாடு செல்லாது என்கிறது. நெருங்கிய உறவினருக்குள் அன்பினால் கொடுக்கும் வாக்கு செல்ல வேண்டுமென்றால், அது எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்திருக்க வேண்டும். மகளுக்கு அட்வான்ஸ் தருவதைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்கிற அப்பா யார் இருக்கிறார்? இங்கிலாந்திலும் இதே நிலைதான். இலங்கையில் நீர்ப்பாசனத் துறை இயக்குநராக இருந்த பால்ஃபர் என்ற ஆங்கிலேயர், இங்கிலாந்தில் தங்கிவிட்ட மனைவிக்கு மாதம் 30 பவுன் அனுப்புவதாகச் சொன்னார். வழக்கு வந்தபோது, வீட்டுக்குள் கொடுக்கும் இத்தகைய வாக்குகள் நீதிமன்றத்துக்கு உரியவை அல்ல என்று 1919இல் தீர்ப்பானது.

இதே வழியில் வந்த இன்னொரு வழக்கைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். நாம் பேசும் விஷயத்துக்கு இதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரியவில்லை. சட்டக் கல்லூரி மாணவர்கள் இதை ஜோன்ஸ் எதிர் படவட்டன் என்று படிப்பார்கள். தாய் டிரினிடாட் தீவில் வாழ்ந்தவர். மகள் அமெரிக்காவில், வாஷிங்டனில் இந்தியத் தூதரகத்தில் வேலை பார்த்தார். மணவிலக்கு ஆனவர், ஒரு சிறு மகன் இருந்தான். அவர் லண்டனுக்குப் போய் பாரிஸ்டர் படித்து, டிரினிடாடுக்கு வந்து வக்கீலாக வேண்டும் என்பது தாயின் ஆசை. மகளுக்கு வேலையை விட விருப்பமில்லை. போனால் மாதம் 200 டாலர் தருகிறேன் என்றார் தாய். அதை நம்பி 1962இல் மகள் வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு லண்டனுக்குக் குடிபோனார்.

போன பிறகுதான் சிக்கல் தெரிந்தது. மகள் நினைத்தது அமெரிக்க டாலர். தாய் சொன்னது மேற்கிந்தியத் தீவுகளின் டாலர். அது மாதம் 42 பவுன்தான் ஆயிற்று. அமெரிக்க டாலராக இருந்தால் 70 பவுனுக்கு மேல் வந்திருக்கும். குழந்தையோடு ஒரே அறையில் குடியிருந்த மகள் அதையும் ஏற்றுக்கொண்டார். பிறகு தாய் லண்டனில் ஒரு வீடு வாங்கினார். மகள் அதில் சில அறைகளில் இருந்துகொண்டு, மற்றவற்றை வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் வாழட்டும் என்று ஏற்பாடு. எத்தனை ஆண்டுக்கு என்று யாரும் பேசவில்லை. தேர்வுகள் முடியவில்லை, மனக்கசப்பு வளர்ந்தது, 1967இல் தாய் வீட்டைத் திருப்பிக் கேட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகளும் தாய்க்குச் சாதகமாகவே முடிவு சொன்னார்கள். குடும்பத்துக்குள் நம்பிக்கையில் செய்துகொண்ட ஏற்பாடு இது, சட்டப்படி ஒருவரை ஒருவர் கட்டுப்படுத்தும் எண்ணம் இதில் இல்லை என்றார்கள் இருவர். மூன்றாமவர், ஒப்பந்தம் இருந்தது, ஆனால் அதற்கான நியாயமான காலம் முடிந்துவிட்டது என்றார்.

இந்தத் தாயை நான் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். மாதாமாதம் பணம் அனுப்பினார், கடல் கடந்து ஒரு வீட்டையே வாங்கிக் கொடுத்தார். ஆனாலும் தாயும் மகளும் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றார்கள். எந்த டாலர், எத்தனை வருடம் என்ற இரண்டு கேள்விகளை வாஷிங்டனிலிருந்து கிளம்பும் முன்பே கேட்டிருந்தால் அந்தக் குடும்பம் வேறு மாதிரி இருந்திருக்கலாம். நம் வீடுகளில் "நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லும்போதும் இதே குறைதான். எவ்வளவு, எப்போது, எதுவரை என்று அப்பாவும் சொல்வதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று மகளும் கேட்பதில்லை.

பெற்றோர் பின்வாங்கவே கூடாது என்பது என் வாதம் அல்ல. உடம்புக்கு முடியாமல் போகலாம். எதிர்பார்த்த பணம் வராமல் போகலாம். மனமே மாறலாம். மதுரையில் எனக்குத் தெரிந்த ஒரு அம்மா, மகன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் கோவைக்குக் குடிபோகும்போது ஒரு மாதம் வந்து தங்குவதாகச் சொல்லியிருந்தார். முழங்கால் வலி முற்றியது. குடிபோக மூன்று வாரத்துக்கு முன்பே மகனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, என்னால மூணு மாடி ஏற முடியாது. உன் மாமியாரைக் கேட்டுப் பாரு. குட்டியானை வாடகையை நான் குடுத்திடறேன். பிள்ளைக்குச் சத்துமாவு அரைச்சு அனுப்பறேன்." மகனுக்கு வருத்தம் இல்லாமல் இல்லை. ஆனால் மாமியாரை அழைக்க நேரம் இருந்தது. அம்மாவால் முடியாதது எது, முடிந்தது எது என்று மகனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. இன்றும் அந்த வீட்டில் தினமும் போன் பேச்சு உண்டு.

திருநெல்வேலி அப்பாவும் பாசத்தில் குறைந்தவர் இல்லை. அவருடைய பயமும் நியாயமான பயமே. அதை வைகாசியிலேயே, "எனக்குப் பயமா இருக்கும்மா, முதல் ஆறு மாசம் விடுதியில இரேன்" என்று சொல்லியிருந்தால் மகள் வாதாடியிருப்பாள், இரண்டு நாள் பேசாமல்கூட இருந்திருப்பாள். ஆனால் பேசித் தீர்க்க இரண்டு மாதம் இருந்தது. வேலைக்குப் போகும் பெண்களுக்காகத் தமிழ்நாடு அரசு தோழி என்ற பெயரில் விடுதிகள் நடத்துகிறது. தாம்பரத்திலும் கூடுவாஞ்சேரியிலும்கூட உண்டு. அவற்றில் இடம் கேட்டு விசாரிக்கவும் நேரம் இருந்திருக்கும். மகள் போகக் கூடாது என்று நினைத்தால் அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. உதவியை விலக்கிக்கொண்டு, அதன் மூலம் அவளை நிறுத்தப் பார்ப்பது சரியில்லை. அப்படி நிறுத்தவும் முடியாது. அவள் போகத்தான் போகிறாள், துணையில்லாமல் போகிறாள்.

குடிபோகிற இளைஞர்களுக்கும் ஒன்று சொல்வேன். அப்பா அம்மா தருவதாகச் சொன்னதை நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். கூச்சப்படாமல் தொகையையும் தேதியையும் கேளுங்கள். அந்த உதவி வராமல்போனால் முதல் மாதத்தை எப்படி ஓட்டுவது என்று ஒரு கணக்கும் கையில் வைத்திருங்கள். அதைப் பெற்றோர் மேல் நம்பிக்கை இல்லாததன் அடையாளமாக யாரும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

நேயர்களே, வரும் மாதங்களில் உங்கள் வீட்டிலிருந்து யாராவது குடிபோகிறார்கள் என்றால், அவர்களுக்கு நீங்கள் ஒரு வாக்குக் கொடுத்திருந்தால், இன்று இரவே அவர்களோடு பேசுங்கள். எவ்வளவு தருவீர்கள், எந்தத் தேதியில் தருவீர்கள், நேரில் வருவீர்களா என்று சொல்லிவிடுங்கள். முடியாது என்றாலும், விருப்பமில்லை என்றாலும், உண்மைக் காரணத்தோடு இன்றே சொல்லுங்கள். வேறு ஏற்பாடு செய்துகொள்ள அவர்களுக்கு நாள் வேண்டும்.